பார்த்ததும் மறையும் படம்: காட்டியதா, கொடுத்ததா?

சென்ற ஐப்பசி அடைமழையில் நம் கடையிலிருந்து போன சர்க்கரை லோடில் 14 மூட்டைகள் நனைந்துவிட்டன. லாரியின் தார்ப்பாய் கிழிந்திருந்ததே காரணம். சரக்கு இறங்கிய கடைக்காரர் நம்மிடம் இருபது வருஷத்துக்கு மேலாகப் பற்று வரவு வைத்திருப்பவர். பொய்க் கணக்கு சொல்லத் தெரியாதவர். அவர் கடைப் பையன் நனைந்த மூட்டைகளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நம் கணக்குப்பிள்ளை திறந்து பார்த்துவிட்டு, பார்த்தோம் என்று பதிலும் போட்டுவிட்டார். மூன்றாம் நாள் நஷ்ட ஈடு கேட்டு லாரி ஆபீசுக்குப் போனபோது, "இறக்கும்போது எடுத்த படம் இருக்குமே, காட்டுங்கள்" என்றார்கள். கணக்குப்பிள்ளை போனைத் தடவித் தடவித் தேடினார். படம் இருந்த இடத்தில், திறந்தாயிற்று என்ற குறிப்பு மட்டுமே இருந்தது.

கடைக்காரருக்குப் போன் போட்டோம். "அண்ணாச்சி, அன்னைக்கே போட்டோ போட்டாச்சே, உங்க கணக்குப்பிள்ளைகூட பாத்துட்டேன்னு சொன்னாரே" என்றார். அவர் பையனின் போனிலும் படம் இல்லை. வாட்ஸ்அப்புக்குள்ளேயே காமிராவைத் திறந்து எடுத்து, அப்படியே அனுப்பியிருக்கிறான். அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 1 என்று ஓர் அடையாளம் உண்டு. அவசரத்தில் அவன் விரல் அதில் பட்டுவிட்டது. 'ஒரு முறை மட்டும் பார்க்கலாம்' என்ற முறையில் படம் போய்விட்டது. லாரி ஆபீஸ்காரர் பேரில் நாம் குறை சொல்வதற்கில்லை. சான்று கேட்பது அவர் உரிமை. கடைக்காரரும் நாமும் ரூபாய்க்கு எட்டணா வீதம் நஷ்டத்தைப் பகிர்ந்துகொண்டோம்.

அன்றைக்கு நமக்கு வந்த கோபம் எல்லாம் அந்தச் செயலியின் மேல்தான். நமக்கு வந்த படம், நாம் காசு கொடுத்து வாங்கிய போன். அதில் வந்ததை நாம் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்ல அவன் யார்? கணினி படித்த பிள்ளைகள் இரண்டொருவரை உட்கார வைத்துக் கேட்டோம். பிறகு நாமும் தேடிப் படித்தோம். கோபம் தணிந்துவிட்டது. ஆனால் நம் வணிகச் சகோதரர்கள் பலரும் இந்த விஷயத்தை அறியாமலே நாள்தோறும் ஆர்டரும் ரசீதும் படமும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே தெரிந்ததை எழுதுகிறோம்.

மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இந்த ஏற்பாட்டைப் புரிய வைப்பது சுலபம். அங்கே தரகர் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். பிடித்தவருக்கும் பிடிக்கப்பட்டவருக்கும் மட்டுமே விலை தெரியும். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. துண்டை எடுத்துவிட்டால் பேச்சுக்குத் தடயம் கிடையாது. விலை பேசுவது வெளியே தெரியக்கூடாது என்பதற்காகவே அந்தத் துண்டு. அதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று யாராவது கேட்டால், துண்டு போட்டதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். மறையும் படமும் இந்த வகைதான். அனுப்புகிறவர் படத்தை நமக்குக் காட்டுகிறார், கொடுக்கவில்லை. வைத்துக்கொள்ளும் பொத்தானை நமக்குக் கொடுத்துவிட்டால், மறையும் என்று அவருக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது?

எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்த இவான் ஸ்பீகல், பாபி மர்பி, ரெஜி பிரவுன் என்ற மூன்று இளைஞர்கள் 2011-இல் ஒரு செயலியைக் கொண்டுவந்தார்கள். முதலில் பிக்காபூ என்று பெயர். சில வாரங்களில் ஸ்னாப்சாட் என்று மாற்றினார்கள். படம் அனுப்புகிறவர் 1 முதல் 10 விநாடி வரை கணக்கு வைப்பார். அந்த நேரம் முடிந்ததும் பெற்றவரின் திரையிலிருந்து படம் போய்விடும். பெற்றவர் திரையை அப்படியே படம் பிடித்தால், அதாவது ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், அனுப்பியவருக்குத் தகவல் போகும். இதைப் பார்த்துப் பிற செயலிகளும் அதே வழியில் வந்தன. டெலிகிராமில் ரகசிய உரையாடலும், சிக்னலில் மறையும் செய்தியும் வந்தன. நாம் எல்லோரும் வைத்திருக்கும் வாட்ஸ்அப்பில் 2020 நவம்பரில் 7 நாளில் மறையும் செய்தி வந்தது. 2021 ஆகஸ்டில் ஒரு முறை மட்டும் பார்க்கும் படம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் 24 மணி நேரம், 90 நாள் என்ற தவணைகளும் சேர்ந்தன.

ஒரு முறை மட்டும் பார்க்கும் படத்தைப் பெற்றவர் தன் போனின் கேலரியில் சேர்க்க முடியாது. இன்னொருவருக்கு அனுப்ப முடியாது. நட்சத்திரக் குறி போட்டு ஒதுக்கி வைக்கவும் முடியாது. 14 நாளுக்குள் திறக்காவிட்டால் தானே காலாவதி ஆகிவிடும். பின்னர் இதற்கு ஸ்கிரீன்ஷாட் எடுப்பதையும் தடுத்தார்கள். நம் கணக்குப்பிள்ளை முன்னெச்சரிக்கையாக இருந்திருந்தால்கூட அந்தப் படத்தை அப்படிப் பிடித்திருக்க முடியாது.

கேலரியில் ஏன் விடுவதில்லை?

இதுதான் நமக்குப் புரியாமல் இருந்த இடம். போனில் ஒவ்வொரு செயலிக்கும் தனக்கென்று ஒரு கிடங்கு உண்டு. அந்தக் கிடங்கின் சாவி அந்தச் செயலியிடமே இருக்கிறது. பக்கத்துச் செயலி உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. கேலரி என்பது அப்படி அல்ல. அது பொதுச் சந்தை. நாம் அனுமதி கொடுத்த எந்தச் செயலியும் அங்கே வந்து எடுத்துக்கொள்ளலாம். படம் கேலரிக்கு வந்துவிட்டால் கூகுள் போட்டோஸ் ஒரு பிரதி எடுத்து மேலே ஏற்றிவிடலாம். மகன் கம்ப்யூட்டரில் செருகினால் அங்கே ஒரு பிரதி. புளூடூத்தில் போனால் இன்னொரு பிரதி.

நம் கிடங்கில் சரக்கு இருக்கும் வரை, எண்ணிப் பார்க்கலாம், பூட்டலாம், வேண்டாம் என்றால் திரும்ப எடுக்கலாம். விற்று வெளியே போய்ப் பத்துக் கடைக்குப் பிரிந்த பிறகு ஒவ்வொரு கிலோவாகத் தேடிப் பிடித்துத் திரும்ப வாங்க முடியுமா? படத்தின் கதையும் அதுவே. மறையும் கடிகாரம் செயலியின் சொந்தக் கிடங்குக்குள்தான் ஓடும். வெளியே போன பிரதிக்கு அந்தக் கடிகாரம் எட்டாது. ஆகவே வாசலிலேயே நிறுத்துகிறார்கள்.

திரையைப் படம் பிடிப்பதைத் தடுப்பது அடுத்த வேலை. ஆண்ட்ராய்டு போன்களில் ஒரு செயலி தன் திரையைப் 'பாதுகாக்கப்பட்டது' என்று குறித்துவிட்டால், போனே ஸ்கிரீன்ஷாட்டை மறுத்துவிடும். திரையை வீடியோவாகப் பதிந்தாலும் கறுப்பாகத்தான் வரும். வங்கிச் செயலி பலவற்றில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாமல் போவது இதனால்தான். ஐபோனில் ஏற்பாடு வேறு. அங்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து முடித்த பிறகே செயலிக்குத் தகவல் போகிறது. அதனால்தான் சில செயலிகள் தடுக்காமல், 'இவர் படம் பிடித்துவிட்டார்' என்று அனுப்பியவருக்குச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கின்றன.

சரி, போனில்தான் இல்லை, கம்பெனியிடம் கேட்டு வாங்கலாமே என்று நாமும் கேட்டோம். அதுவும் நடக்காது. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறவர் போனில் பூட்டப்பட்டு, பெறுகிறவர் போனில்தான் திறக்கப்படுகிறது. நடுவில் இருக்கும் கம்பெனியின் சர்வர் பூட்டிய பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் லாரி மாதிரி. சேர்த்ததும் அதனிடம் பெட்டி இல்லை. இருந்தபோதும் சாவி இல்லை.

இத்தனை பூட்டு எதற்கு என்றால், படம் அனுப்பி அவதிப்பட்டவர்கள் ஏராளம். நம்பி அனுப்பிய படம் ஊரெல்லாம் சுற்றியதால் படிப்பை விட்ட பிள்ளைகளும் உண்டு, குடும்பம் கலைந்தவர்களும் உண்டு. நம் வீட்டிலும் போன் வைத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துப் பார்க்கும்போது, வைத்துக்கொள்ளும் பொத்தான் இல்லாதது நல்லதற்கே என்று நமக்குத் தோன்றியது. 2023 ஏப்ரலில் வாட்ஸ்அப் ஒரு வழி வைத்தது. மறையும் உரையாடலில் வந்த ஒரு செய்தியை மட்டும் வைத்துக்கொள்ள விரும்பினால் அழுத்தி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அனுப்பியவருக்குத் தகவல் போகும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கடைசிச் சொல் அனுப்பியவருடையது. இந்த ஒன்றைப் பார்த்தாலே இந்த ஏற்பாடு யாருக்காக என்பது விளங்கும்.

பூட்டு எவ்வளவு உறுதி?

ரொம்ப உறுதி என்று யாரும் நம்பிவிட வேண்டாம். 2014-இல் அமெரிக்காவின் பெடரல் டிரேட் கமிஷன் ஸ்னாப்சாட் கம்பெனி மேல் நடவடிக்கை எடுத்தது. மறைந்துவிடும் என்று விளம்பரம் செய்தார்கள், ஆனால் வேறு செயலி வழியாக உள்ளே நுழைந்தால் படத்தை வைத்துக்கொள்ள முடிந்தது. பெறப்பட்ட வீடியோக்கள் போனில் செயலியின் கிடங்குக்கு வெளியே கிடந்ததால், கம்ப்யூட்டரில் இணைத்து எடுத்துவிட முடிந்தது. பழைய ஐபோன்களில் ஸ்கிரீன்ஷாட் எச்சரிக்கையையும் ஏமாற்ற முடிந்தது. வாக்கு ஒன்று, சரக்கு ஒன்று என்பதுதான் குற்றச்சாட்டு. கடைசியில் 20 வருஷம் வெளி ஆட்களின் கண்காணிப்புக்குக் கம்பெனி ஒப்புக்கொண்டது. எடை குறைந்தால் நம் தராசுக்கு முத்திரை இன்ஸ்பெக்டர் வருகிற மாதிரி அங்கேயும் வருகிறார்கள். வைத்துக்கொள்ள விடாத பூட்டுகளை இந்தக் கம்பெனிகள் மேலும் மேலும் இறுக்குவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு கூத்து. ஸ்னாப்சாட் படங்களை வைத்துக்கொள்ள உதவுகிறோம் என்று கடை விரித்த வேறொரு இணையதளத்தின் சர்வரை உடைத்து, அங்கே சேர்ந்திருந்த படங்களை வெளியே கொட்டிவிட்டார்கள். நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மறையும் படத்தையும் பிடித்துத் தருகிறோம் என்று ஜி.பி. வாட்ஸ்அப் முதலிய பெயர்களில் திருத்திய செயலிகள் சுற்றுகின்றன. கடைப் பையன்கள் ஆசைப்பட்டு ஏற்றிவிடுகிறார்கள். அதை எழுதியவன் யார், நம் பேச்சை எங்கே கொண்டுபோகிறான் என்று தெரியாது. வாட்ஸ்அப் கம்பெனி கண்டுபிடித்தால் நம் எண்ணையே நிறுத்தி வைக்கும். ஆர்டர் முழுவதும் அந்த ஒரே எண்ணில் வருகிற கடைக்கு அது எவ்வளவு பெரிய இடி என்று சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் போக, பக்கத்தில் இன்னொரு போனைப் பிடித்துத் திரையைப் படம் எடுத்தால் எந்தப் பூட்டும் தடுக்காது. வாட்ஸ்அப் கம்பெனியே இதைச் சொல்லி, நம்பிக்கையானவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள் என்கிறது. ஆகவே ஆதார் நகலை ஒரு முறை பார்க்கும் படமாக அனுப்பிவிட்டால் கவலை இல்லை என்று எண்ணுவது தவறு. கடைசி 4 எண் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதார் அட்டையை அரசாங்கமே கொடுக்கிறது. கேட்கிற இடத்துக்கு அது போதுமென்றால் அதையே கொடுப்பது மேல்.

நம் கடைக்கு இது எங்கே உதைக்கிறது?

நாம் கடை ஆரம்பித்த காலத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் சிலேட்டு ஒன்று தொங்கும். அன்றாட விலையையும், வந்து போகிறவர் கேட்ட சரக்கையும் அதில் எழுதுவோம். ராத்திரி சிட்டையில் ஏற்றியபின் ஈரத் துணியால் துடைப்போம். சிலேட்டு வேறு, சிட்டை வேறு, பேரேடு வேறு என்பது அன்றைக்குக் கடைக்குச் சேர்ந்த பையனுக்கும் தெரியும். இப்போது மூன்றும் ஒரே போனுக்குள் வந்துவிட்டன. எது துடைபடும், எது நிற்கும் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

பணம் அனுப்பிய திரைப்படத்தைச் சிலர் ஒரு முறை பார்க்கும் முறையில் அனுப்புகிறார்கள். விஷயம் தெரியாமல் அனுப்புகிறவர்களும் உண்டு, தெரிந்தே அனுப்புகிறவர்களும் உண்டு. சாதாரணப் படமாக வந்தாலே அதை நம்பிச் சரக்கைக் கொடுக்கக் கூடாது. போலித் திரைப்படம் தயார் செய்வது இன்று சின்னப் பிள்ளை வேலை. நம் வங்கிக் கணக்கில் வரவு வந்ததா என்பதைப் பார்த்தே லோடு ஏற்ற வேண்டும். மறையும் படமாக வந்தால், யு.பி.ஐ. பரிவர்த்தனைக்குரிய 12 இலக்க எண்ணை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையானவர் கோபிக்க மாட்டார்.

ஆர்டர் விஷயம் இன்னும் சிக்கல். மறையும் செய்தியை இருவரில் யார் வேண்டுமானாலும் தொடங்கி வைக்கலாம். வாடிக்கையாளர் தன் போனில் எல்லா உரையாடலுக்கும் பொதுவாக அதைப் போட்டு வைத்திருந்தால், புதிதாகத் தொடங்கும் உரையாடலில் நமக்கும் அதுவே வந்து சேரும். 'செய்திகள் மறையும்' என்ற சின்ன அறிவிப்பு உரையாடலில் வரும், நாம் கவனிப்பதில்லை. 30 மூட்டை உளுந்து கேட்டாரா 20 மூட்டை கேட்டாரா என்று இரண்டு மாதம் கழித்துப் பேச்சு வந்தால், 7 நாளில் துடைபட்ட உரையாடலில் என்ன இருக்கும்? சரக்கு விற்ற பணத்துக்கு வழக்குப் போடச் சட்டம் 3 வருஷம் தருகிறது. ஜி.எஸ்.டி. சட்டமோ கணக்குகளையும் ஆவணங்களையும் ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, போனில் உள்ள பதிவைக் கோர்ட்டில் சான்றாகக் காட்டலாம், அதற்குரிய சான்றிதழோடு. பழைய சட்டத்தில் 65-பி என்று வக்கீல்கள் சொல்வார்களே, அதன் இடத்தில் வந்தது. ஆனால் காட்டுவதற்குப் பதிவு போனில் இருக்க வேண்டுமே!

இது மளிகைக் கடைக்காரர்களின் கவலை மட்டும் என்று எண்ண வேண்டாம். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் நியூயார்க்கின் பெரிய நிதி நிறுவனங்கள் 16-க்கு மொத்தம் 110 கோடி டாலருக்கு மேல் அபராதம் போட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் தொழில் பேச்சைத் தங்கள் சொந்தப் போன்களில் பேசினார்கள், அந்தப் பேச்சைச் சட்டப்படி பாதுகாத்து வைக்கவில்லை என்பதே காரணம்.

அதற்காக மறையும் வசதியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அன்றாட விலை நிலவரம் போடுகிற குழுவுக்கு 7 நாள் தவணை பொருத்தமே. போன வாரத்துப் பருப்பு விலையைப் பார்த்துவிட்டு இந்த வாரம் சண்டைக்கு வருகிறவர்கள் குறைவார்கள். காலை வணக்கப் படங்கள் குவிகிற உறவுக்காரர் குழுவுக்கு 24 மணி நேரமே அதிகம். வங்கி விவரம், குடும்ப விஷயம், விலை பேசும்போது வெளியே தெரியக்கூடாத பேச்சு, இவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

நம் கடையில் இப்போது செய்திருப்பது இதுதான். வியாபாரத்துக்கென்று தனிப் போன், தனி எண். அதில் மறையும் செய்தி வசதி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. புதிதாக ஒரு வாடிக்கையாளரின் உரையாடல் தொடங்கினால், கணக்குப்பிள்ளை அவர் பெயரைத் தொட்டு உள்ளே போய், தவணை ஏதும் போட்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நிறுத்திவிட்டு அவருக்கும் சொல்லிவிடுகிறார். நிறுத்துவதற்கு முன் வந்தவை அந்தத் தவணைப்படி மறையத்தான் செய்யும் என்பதால், அவற்றில் உள்ள ஆர்டரை அன்றே சிட்டையில் ஏற்றிவிட வேண்டும். வட்டத்துக்குள் 1 போட்டு வரும் எதையும் திறப்பதற்கு முன்பே, "சாதாரணப் படமாக மறுபடி அனுப்புங்கள்" என்று எழுதுகிறார். திறந்துவிட்டால் போயிற்று. சேதாரப் படத்தை முதலில் போனின் சொந்தக் காமிராவில் எடுத்து, லாரி எண் தெரிகிற மாதிரி ஒன்று, மூட்டை எண்ணிக்கை தெரிகிற மாதிரி ஒன்று என வைத்துக்கொண்ட பிறகே அனுப்பும்படி கடைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். லாரி ரசீதின் பின்புறம் சேதாரத்தை எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கும் பழைய வழக்கத்தையும் மறுபடி ஆரம்பித்திருக்கிறோம்.

அந்த 14 மூட்டைக் கடைக்காரருக்குத் தை மாதத்தில் மறுபடி ஒரு லோடு போயிற்று. இறங்கிய அரை மணியில் நான்கு படம் வந்தது. அடுத்த நிமிஷம் போனும் வந்தது. "அண்ணாச்சி, சரக்கு பழுதில்லாம வந்துருச்சு. படம் உங்க போன்ல நிக்குதான்னு ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றார். பார்த்தோம், நின்றது.